வீட்டுக்குக் காவலாக விட்ட பிள்ளை

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு, நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் வேலைக்கு நிற்கிற பிள்ளை ஹட்டன் பக்கத் தோட்டத்தைச் சேர்ந்தவள், சைவம், வயது 22. நான்கு வருடமாக எங்களோடு இருக்கிறாள். நல்ல பிள்ளை, ஒரு பொய் சொல்ல மாட்டாள். ஆனாலும் கிருபையினால்தானே இரட்சிப்பு? நியாயத்தீர்ப்பு நாளில் அவளுக்கும் எங்களுக்கும் ஒரே தராசுதானா? வருகிற விடுமுறையில் எங்கள் சபை பஸ் பிடித்து ஹட்டன் பக்கம் மூன்று நாள் ஊழியத்துக்குப் போகிறது. நாங்களும் குடும்பமாகப் போகிறோம். வீட்டைச் சும்மா விட முடியாதபடியால் அவளை நிறுத்திவிட்டுப் போகிறோம். அவள் மனந்திரும்ப எப்படி ஜெபிக்க வேண்டும்?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, ஆம், ஒரே தராசுதான். ஆனால் அந்தத் தராசில் உங்கள் மூன்று தலைமுறையும் சேர்த்து வைக்கப்படும். ‘எவனிடத்தில் அதிகங்கொடுக்கப்படுகிறதோ அவனிடத்தில் அதிகங்கேட்கப்படும்’ என்று ஆண்டவர் சொன்னது லூக்கா 12இல் இருக்கிறது. தாத்தா காலத்து வேதப்புத்தகம், ஞானஸ்நானம், ஞாயிறு பள்ளி எல்லாம் உங்களுக்குக் கொடுக்கப்பட்டவை. அவை உங்கள் பக்கத்துச் சாட்சிகள் என்று நினைத்திருக்கிறீர்கள். உங்களிடம் கணக்குக் கேட்கப்போவதே அவற்றைப் பற்றித்தான்.

அவள் இரட்சிக்கப்படுவாளா என்பதற்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நியாயாசனம் என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. அவளுக்காகவும் கிறிஸ்து மரித்தார், அது எனக்குத் தெரியும். கிருபை என்றால் தகுதி பார்க்காமல் கொடுத்தது. அப்படிப் பெற்றுக்கொண்ட நமக்கு, பக்கத்தில் நிற்கிறவருடைய தகுதியை அளக்கிற கோல் எங்கிருந்து வந்தது?

நீங்கள் எழுதிய கிருபை வசனம் எபேசியர் 2:8. அதே நிருபத்தில் நான்கு அதிகாரம் தள்ளிப் போங்கள். 6:9 வீட்டு எஜமான்களுக்கு எழுதியது: ‘அவர்களுக்கும் உங்களுக்கும் எஜமானானவர் பரலோகத்தில் இருக்கிறாரென்றும், அவரிடத்தில் பட்சபாதமில்லையென்றும் அறிந்து, கடுஞ்சொல்லை விட்டுவிடுங்கள்.’ தேவனிடத்தில் பட்சபாதமில்லை என்ற சத்தியத்தைப் பவுல் இங்கே நியாயத்தீர்ப்பு நாளுக்கென்று எடுத்து வைக்கவில்லை. வேலைக்காரர் நிற்கிற வீட்டுக்குள், எஜமானின் முகத்துக்கு நேரே சொல்கிறார். 2ஆம் அதிகாரத்துக்கு அடிக்கோடு போட்ட வேதப்புத்தகங்கள் கொழும்பில் நிறைய உண்டு. 6ஆம் அதிகாரத்தின் இந்த வசனத்துக்கு அடிக்கோடு போட்டதை நான் பார்த்ததில்லை. என்னுடையதிலும் இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த வீட்டில், குசினியின் பின்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. அதில் ஓர் எனாமல் பேணி தொங்கும். விளிம்பில் நீலக் கோடு, அடியில் எனாமல் பெயர்ந்து கறுத்த இடம். வேலைக்கு நின்ற அக்காவுடைய பேணி அது. மற்றவை எல்லாம் அலுமாரிக்குள். அதே வீட்டு ஹோலில் புதன்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும், அம்மாதான் நடத்துவார். அக்கா தேத்தண்ணீர்த் தட்டை வைத்துவிட்டுக் கதவோடு நின்று பாட்டுக் கேட்பார். ஒருவரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது 15 வயது. யாக்கோபு 2ஆம் அதிகாரம் மனப்பாடம், அதற்குப் பரிசும் வாங்கியிருந்தேன். ஏழையைப் பார்த்து ‘நீ அங்கே நில்லு’ என்று சொல்கிறவர்களைக் கண்டிக்கிற அதிகாரம் அது. அந்த அக்கா இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. உங்களுக்கு இன்னும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பேணி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு எந்த நாள் லீவு, காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் கூட்டிப்போகிறீர்களா, ஊருக்கு பஸ் ஏற்றி விடுகிறீர்களா, அதுவும் தெரியாது. 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, சொந்தச் சனமே கைவிட்ட நோயாளிகளைத் தேடிப்போய்ப் பராமரித்தார் கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு யோசப் வாஸ் அடிகள். அதற்கு 10 வருடத்துக்கு முன் இந்தத் தீவுக்கு அவர் ஒரு கூலியாளின் கோலத்தில்தான் வந்து இறங்கியிருந்தார். 2015இல் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும் சரி, ஊழியம் எப்படி இருக்கும் என்று அவரைப் பார்த்துப் படிக்கலாம்.

சரி, உங்கள் பஸ்ஸுக்கு வருவோம். அவளை வீட்டுக்குக் காவலாக நிறுத்திவிட்டு அவளுடைய ஊருக்கே ஊழியத்துக்குப் போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். மலைநாட்டில் தோட்டத் தொழிலாளருக்கென்று 1854இல் தொடங்கிய மிஷனுக்கு ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று பெயர். அந்தப் பெயரைப் பாருங்கள். சுவிசேஷம் கொண்டுபோனவர்களுக்கும் அந்தச் சனம் முதலில் கூலிகளாகத்தான் தெரிந்திருக்கிறது. 170 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதே மலையிலிருந்து வந்த ஒரு பெண் நான்கு வருடமாக உங்கள் குசினியில் நிற்கிறாள், நீங்களோ அவிசாவளை, கித்துள்கல தாண்டிப் போய் ஆத்துமாக்களைத் தேடப் போகிறீர்கள்.

பேதுரு, ரோம நூற்றுக்கதிபதியான கொர்நேலியுவின் வீட்டில் நின்று ‘தேவன் பட்சபாதமுள்ளவரல்ல’ என்று சொன்னதை எல்லோரும் பிரசங்கிக்கிறோம். அதற்கு முன், பேதுரு தங்கியிருந்த யோப்பாவில் நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. கொர்நேலியு அனுப்பிய மூன்று பேரில் இரண்டு பேர் அவனுடைய வீட்டு வேலையாட்கள். யூதன் பழகக்கூடாத அந்நியர். பேதுரு ‘அவர்களை உள்ளே அழைத்து, அவர்களுக்கு உபசாரஞ்செய்து’ இரவு தங்க வைத்தான். எஜமானின் வீட்டில் பேசிய பிரசங்கத்துக்கு முன்பே வேலையாட்களுக்குப் பாய் போட்டாயிற்று. அந்த ஒழுங்கை மாற்றிவிட்டு நாம் பிரசங்கத்தை மட்டும் கொண்டுபோகிறோம்.

எப்படி ஜெபிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். எதற்காக ஜெபிக்கலாம் என்று அவளிடமே கேளுங்கள். கேட்கும்போது இருவரும் உட்கார்ந்திருங்கள். தங்கச்சியின் படிப்பாக இருக்கலாம், அப்பாவின் கடனாக இருக்கலாம். உங்களால் முடிந்தது அதில் ஏதாவது இருந்தால் ஜெபித்து முடித்ததும் செய்யுங்கள். நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அதே எபேசியர் 2 இரண்டு வசனம் தள்ளிச் சொல்கிறது.

அப்புறம், வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போங்கள். பஸ்ஸில் வரச் சம்மதமா என்று கேளுங்கள். விருப்பமில்லை என்றால் அந்த மூன்று நாளும் சம்பளத்தோடு லீவு, அவள் தன் பாட்டில் ஊருக்குப் போய் வரட்டும். வருகிறேன் என்றால் உங்கள் பக்கத்து சீட்டில் உட்காரட்டும். அங்கே போய் அவளை உங்கள் ஊழியத்துக்குச் சமைக்க விடாதீர்கள். லயத்தில் அவளுடைய அம்மா தேத்தண்ணீர் ஊற்றித் தருவார், வாங்கிக் குடியுங்கள்.

உங்கள் கடிதம் முழுக்க அவள், அவள் என்றே இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அவளுடைய பெயரை எழுதுங்கள். பிரசுரிக்க மாட்டேன், எனக்கும் ஜெபிக்க வேண்டும்.