புளூ மூன் ரோஜா: இடம் மாற்றினால் வாசம் வரும்

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. போன வருடம் ‘புளூ மூன்’ ஒட்டு ரோஜா இரண்டு வாங்கி, சில்வர் ஓக் மரத்தடியில் வைத்தேன். ஐப்பசி மழைக்கு இலையெல்லாம் கறுப்புப் பொட்டு விழுந்து, மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. மொட்டு விரியாமலே அழுகுகிறது. தப்பிப் பூத்த ஒன்றிரண்டும் நீலமாக இல்லை, வாசமும் இல்லை. வேறு செடியைக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: பூத்தது வெளிறிய கத்தரிப்பூ நிறமா? அப்படியென்றால் அது புளூ மூனேதான். நீலத்துக்கான டெல்ஃபினிடின் நிறமி ரோஜாவில் இயற்கையாகவே கிடையாது. பான்ஸிப் பூவின் மரபணுவைச் சேர்த்து 2009-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘நீல ரோஜா’வே ஊதா சாயல்தான். பெயரை நம்பி ஏமாறாதவர் குறைவு! ஒன்றை மட்டும் பாருங்கள்: புளூ மூன் தண்டில் முள் குறைவு. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து முள்ளடர்ந்த கிளை கிளம்பியிருந்தால் அது அடிச்செடி. மண்ணை விலக்கி, அடியோடு பிய்த்தெடுங்கள். மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

தப்பு இடத்தில்தான். கரும்புள்ளிப் பூசணம் முளைக்க இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாக இருந்தாலே போதும். மூடுபனியில், மரத்துச் சொட்டும் சேர்ந்தால், உங்கள் செடிக்கு இலை காயும் நேரமே இல்லை. தை பிறந்து பனி குறைந்ததும் காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் விழும் இடத்துக்கு வேர்மண்ணோடு மாற்றுங்கள். அப்போதே கவாத்தும் செய்யலாம். ஆனால் இந்த ரகத்துக்கு வளரும் வேகம் குறைவு, ஒட்ட வெட்டாதீர்கள். காய்ந்தது, மெலிந்தது, உள்நோக்கிப் போவது, இவற்றை எடுத்தால் போதும்.

அடுத்தது மண். தேயிலை விரும்பும் புளிப்பு மண் ரோஜாவுக்கு ஆகாது. தேயிலைக்கு கார அமிலத்தன்மை (pH, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை போதும். ரோஜாவுக்கு 6-க்கு மேல் வேண்டும். மண்ணைப் பரிசோதித்து, அதற்கேற்ற அளவு டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மக்கிய எரு போடுங்கள். சுண்ணாம்பையும் பச்சை எருவையும் ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும்.

உதிர்ந்த இலையையும் அழுகிய மொட்டையும் பொறுக்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மழை விட்ட நாளில் மான்கோசெப் பூசணக்கொல்லி லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், இலையின் அடிப்புறமும் நனைய, கையுறையும் முகக்கவசமும் போட்டுத் தெளியுங்கள். தண்ணீர் காலையில், வேரடியில் மட்டும்.

வாசத்துக்கு வருவோம். குளிரில் மணம் எழும்பாது. பாதி விரிந்த பூவைக் காலையில் காம்போடு நறுக்கி, தண்ணீரில் வைத்து, அடுப்பு எரியும் சமையலறைப் பக்கம் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் எலுமிச்சை கலந்த மணம் வரும்.