கொண்டைக்குள் என்ன வைப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாடசாலை நாடகத்தில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாராக நடிக்கும் பிள்ளைக்கு முன்முடியை உப்பத் தூக்கி, பழைய வெள்ளைக்காரக் கொண்டை போட்டோம். சரிதானே?
– ஓர் ஆசிரியை, உடுவில்

சரியில்லை. அவர் உடுவிலில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கியது 1824இல். நெற்றியைச் சுற்றி முடி உப்பி நிற்கும் பொம்படோர் 1900ஐ ஒட்டிய காலத்து அலங்காரம். முக்கால் நூற்றாண்டு தள்ளிப் போய்விட்டீர்கள். 1820களில் நடுவகிடு, காதோரம் சுருள், உச்சியில் ஒரு முடிச்சு. மிஷனரிப் பெண்மணி என்பதால் சுருளைக் குறையுங்கள். உச்சி முடிச்சுக்குள் மட்டும் தேசிக்காய் அளவில் ஓர் உருண்டை வைத்தால் போதும்.

பழைய காலத்துக் கொண்டைக்கு எவ்வளவு பஞ்சு வேணும்?
– கொக்குவில்

எந்தப் பழைய காலம்? முடி எவ்வளவு நீளம்? அடர்த்தியா, மெல்லியதா? ஒன்றும் எழுதாமல் அளவு கேட்டால் என்ன சொல்வது? மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பஞ்சு மட்டும் வேண்டாம். வியர்வையில் நனைந்து அமுங்கிவிடும், கொண்டை ஊசியும் அதில் நிற்காது.

மகளின் கலியாண வரவேற்புக்கு 1900களின் பாணியில் முன்முடியைத் தூக்க ஆசை. கடையில் வாங்கிய கறுப்பு ஸ்பொஞ் வெளியே தெரிகிறது. என் முடி மெல்லியது, நரையும் உண்டு.
– நல்லூர்

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கடை ஸ்பொஞ் ஒரே கறுப்பு. எங்கள் முடி அப்படி இல்லை. ஓரிடத்தில் பழுப்பு ஓடும், வெயில் பட்ட இடம் செம்பட்டையாகும், உங்களுக்கு நரையும் இருக்கிறது. மெல்லிய முடியை அதன் மேல் எத்தனை தரம் வாரினாலும் இடுக்கில் கறுப்பு தெரியத்தான் செய்யும்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் சீப்பில் வந்த முடியை எறியவில்லை. கண்ணாடி மேசையில், மூடியில் துளை வைத்த ஒரு சிறு கிண்ணம் இருக்கும். வாரி முடிந்ததும் உதிர்ந்ததைச் சுருட்டி அதற்குள் போடுவார்கள். சேர்ந்த பிறகு உருட்டி முன்முடிக்குள் வைப்பார்கள். அந்த உருளையை எலி என்றே அழைத்தார்கள். தலையில் இருக்கும் அதே முடி, அதே நிறம். கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் கண்ணுக்குப் படாது.

எங்களுக்கும் இது புதிதில்லை. என் அம்மம்மா உதிர்ந்த முடியைச் சுருட்டிக் கிடுகு வேலி இடுக்கில் செருகி வைப்பார். போதிய அளவு சேர்ந்ததும் சவரி கட்டக் கொடுப்பார். இப்போது வேலி மதிலாகிவிட்டது, முடி குப்பைக்குப் போகிறது, நாங்கள் காசு கொடுத்து நைலோன் வாங்குகிறோம். இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிக வடிவான முன்தூக்கல்கள் எல்லாம் சொந்த முடியை உள்ளே வைத்துச் செய்தவைதான்.

மூன்று நாலு மாதத்து உதிர்வு போதும். ஷாம்பூ போட்டு அலசி நன்றாகக் காயவையுங்கள். ஈரம் இருந்தால் நாறும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, பெருவிரல் தடிப்பில், காதிலிருந்து காது வரை எட்டும் நீளத்துக்கு உருட்டுங்கள். இரு நுனியும் மெலிந்திருக்க வேண்டும். முடி நிறக் கொண்டை வலைக்குள் இட்டுத் தையுங்கள். நெற்றியோரம் இரண்டு விரல் அகல முடியை முன்னே விழவிட்டு, அதன் பின்னால் உருளையைக் குத்தி, விட்ட முடியை மேலே வாரி மூடுங்கள். கலியாணம் கிட்ட வந்துவிட்டதா? அப்படியென்றால் உங்கள் நிறத்துக்கு ஒத்த சவரி ஒன்றை வாங்கி அதையே உருட்டுங்கள்.

அரங்கேற்றத்தில் ஆண்டாள் கொண்டை பாதியில் சரிந்துவிட்டது. உள்ளே வைத்தது பாரமோ?
– பருத்தித்துறை

பாரம் ஒரு பங்கு, அடித்தளம் இல்லாதது மூன்று பங்கு. கொண்டை வரும் இடத்தில் தலையோடு ஒட்ட இரண்டு சிறு பின்னல் போடுங்கள். ஊசி அந்தப் பின்னலுக்குள் குறுக்காக ஏற வேண்டும். வெறும் முடியில் குத்திய ஊசி முதல் ஜதியிலேயே இளகும். குளித்த ஈரத்தோடு கட்டினீர்களா என்றும் பாருங்கள். ஈரத்தலையில் எதையும் உள்ளே வைக்கக் கூடாது.

கூத்தில் இராணி வேடம் கட்டும் தம்பிக்கு நாலு விரல் முடிதான். உருளை வைக்கலாமா?
– பாஷையூர்

மூடுவதற்கு முடி இல்லை. டோப்பா வாங்குங்கள்.

1770களின் பிரெஞ்சு அரசவைப் பெண்கள் தலையில் கோபுரம்போல் இருப்பது முழுக்க டோப்பாவா?
– சாவகச்சேரி

இல்லை. டோப்பா பெரும்பாலும் ஆண்களுக்கு. பெண்கள் கம்பளி நாரோ குதிரை மயிரோ அடைத்த மெத்தையை உச்சியில் வைத்து, சொந்த முடியை அதன் மேல் வாரி, குறைந்த இடத்தில் பொய்முடி சேர்த்தார்கள். பிடிப்புக்கு விலங்குக் கொழுப்புக் களிம்பு, மேலே மாப்பவுடர். மேடைக்கு விறைப்பான வலைத் துணியைச் சுருட்டித் தைத்தால் உயரமும் வரும், கழுத்தும் நோகாது. கொழுப்பு வேண்டாம், எங்கள் வெயிலுக்கு உருகி நெற்றியில் வழியும். இங்கேயும் அதேதான், தலை காய்ந்திருக்க வேண்டும்.

அக்காவின் உருளையை ஒரு நாளைக்கு இரவல் வாங்கலாமா?
– மானிப்பாய்

வேண்டாம். பேன் ஏறும்.