கட்டளை வரி ஆப்ஷன்கள்: ஒரே நிரல், பல இயங்குதளங்கள் (கேள்வி பதில்)

கேள்வி (திருவாரூர், கல்லூரி மாணவி): கல்லணையில் நாள்தோறும் திறக்கப்படும் நீரின் அளவைக் கோப்புகளிலிருந்து படித்துக் கூட்டும் நிரல் ஒன்றை சி மொழியில் எழுதியுள்ளேன். கோப்புப் பெயருக்குப் பின்னால் "-ஓ" ஆப்ஷனை (நிரலின் நடத்தையை மாற்றும், கோட்டில் தொடங்கும் சொல்) கொடுத்தால் லினக்ஸ் வகையான உபுண்டுவில் ஓடுகிறது. தோழியின் மேக்கிலோ "-ஓ" என்ற கோப்பு இல்லை என்கிறது. ஏன் ஐயா?

பதில்: உங்கள் நிரலில் பிழை இல்லை; இரண்டு தளங்களின் சி நூலகங்களும், ஆப்ஷன்களைப் படிக்கும் செயல்கூறுக்குக் கெட்ஆப்ட் என்று ஒரே பெயரிட்டு, வெவ்வேறு வேலை செய்கின்றன. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின்படி, ஆப்ஷன் அல்லாத முதல் சொல்லைக் கண்டதும் கெட்ஆப்ட் நின்றுவிட வேண்டும். மேக்கும் யுனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி வகைகளும் அப்படியே நிற்கின்றன. லினக்ஸின் கிளிப்சி நூலகமோ, வரியில் உள்ள சொற்களை இடம் மாற்றி, கடைசியில் கிடக்கும் ஆப்ஷனையும் முன்னே இழுத்துக்கொள்கிறது. ஆப்ஷன் எழுத்துச் சரத்தின் தொடக்கத்தில் கூட்டல் குறி இட்டாலோ, போசிக்ஸ்லி_கரெக்ட் என்ற சூழல் மாறியை அமைத்தாலோ கிளிப்சியும் தரத்தின்படி நடக்கும். லினக்ஸிலேயே ஆல்பைன் என்னும் வகை பயன்படுத்தும் மஸ்ல் நூலகத்தில் கெட்ஆப்ட் இடம் மாற்றாது, நீள ஆப்ஷன்களையும் படிக்கும் கெட்ஆப்ட்_லாங் மாற்றும். ஆகவே உதவிக் குறிப்பில் ஆப்ஷன்களை முன்னேயும் கோப்புகளை அவற்றின் பின்னேயும் எழுதிக் காட்டுங்கள். சோதனைகளையும் அந்த வரிசையிலேயே வையுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): மடிக்கணினியில் சரியாக ஓடும் நிரல், ராஸ்பெரி பையில் ஆப்ஷன்களைப் படிக்கும் இடத்திலேயே முடிவின்றிச் சுழல்கிறது.

பதில்: கெட்ஆப்ட் திருப்பும் மதிப்பை ஓர் எழுத்தை வைக்கும் கேர் வகை மாறியில் வாங்கியிருப்பீர்கள். ஆப்ஷன்கள் தீர்ந்ததும் அது -1 தரும். ராஸ்பெரி பையின் ஆர்ம் செயலியில் ஓடும் லினக்ஸில் கேர் குறியற்றது (எதிர்ம எண்ணை ஏற்காதது) என்பதால் அந்த -1, 255 ஆகிவிடுகிறது. சுழல் எப்படி முடியும்? மாறியின் வகையை, எதிர்ம முழு எண்களையும் ஏற்கும் இன்ட் என்று மாற்றுங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): லினக்ஸில் ஓடும் கட்டளை மேக்கில் ஓடவில்லை. கோப்புப் பெயரை முதலில் கொடுத்தேன்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஆப்ஷன்கள் முன்னே, கோப்புகள் பின்னே.

கேள்வி (நாகப்பட்டினம்): விண்டோஸில் "குறுவை" என்று தமிழில் பெயரிட்ட கோப்பைக் கொடுத்தால் கேள்விக்குறிகளே வருகின்றன. பல கோப்புகளை ஒருசேரக் குறிக்கும் நட்சத்திரக் குறியும் கோப்புப் பெயர்களாக விரிவதில்லை.

பதில்: இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். யுனிக்ஸில் நட்சத்திரக் குறியை, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லே விரித்துத் தரும். விண்டோஸின் கட்டளைச் சாளரம் வரியை அப்படியே ஒப்படைத்துவிடுவதால் விரிப்பது நிரலின் பொறுப்பு. விஷுவல் சி-யில் இதற்கென்றே உள்ள செட்ஆர்க்வி ஆப்ஜெக்ட் கோப்பைச் சேர்த்து இணைக்கலாம். பெயர்ச் சிக்கலுக்குக் காரணம், மெயின் செயல்கூறுக்கு வரும் சொற்கள் பழைய ஆன்சி குறிமுறைக்கு மாற்றப்படுவதும், அக்குறிமுறைகளில் தமிழுக்கு இடமே தரப்படாததும்தான். மெயினுக்குப் பதிலாக யுனிகோடில் சொற்களை வாங்கும் டபிள்யூமெயின் எழுதுங்கள், அல்லது விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், நிரலின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில், குறிமுறை யுடிஎஃப்-8 (யுனிகோடின் ஒரு வடிவம்) என அறிவிக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் சி நூலகத்தில் கெட்ஆப்ட் கிடையாது என்பதால், பிஎஸ்டி உரிமமுள்ள பிரதி ஒன்றை நிரலோடு சேர்த்தே வழங்குங்கள்.

கேள்வி (மன்னார்குடி): உங்கள் முதல் பதிலை ஏற்க முடியவில்லை. வரிசையை மறந்து கடைசியில் ஆப்ஷன் சேர்ப்பது மனித இயல்பு. எல்லாத் தளத்திலும் இடம் மாற்றும் நூலகத்தைச் சேர்த்துவிட்டால் போதாதா?

பதில்: கோப்புகளை மட்டும் வாங்கும் நிரலுக்கு உங்கள் வாதம் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் சூடோ, என்வ் போல இன்னொரு கட்டளையை உள்ளே வைத்து ஓட்டும் நிரலை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கட்டளைக்கு உரிய ஆப்ஷனை வெளியே இருப்பது விழுங்கிவிடும்.

கேள்வி (மன்னார்குடி, மீண்டும்): அத்தகைய நிரல்கள் எத்தனை? அவற்றுக்கு, இதன்பின் வருபவை ஆப்ஷன்கள் அல்ல என்று காட்டும் இரட்டைக் கோடு (--) இருக்கிறதே.

பதில்: இருக்கிறது, அதை இடவேண்டும் என்பதையும் பயனர்தானே நினைவில் கொள்ள வேண்டும்? வரிசையை மறப்பவர் இரட்டைக் கோட்டை மட்டும் மறக்காமலா இருப்பார்? மேலும், வரிசையை மறந்தால் "கோப்பு இல்லை" என்ற பிழைச் செய்தி உடனே வரும். இரட்டைக் கோட்டை மறந்தால் கட்டளை வேறு பொருளில் ஓடிவிடக்கூடும். கோடு என்றதும் ஓர் எச்சரிக்கை: சொற்செயலிகள் இரட்டைக் கோட்டை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். அங்கிருந்து படியெடுத்த கட்டளை எந்தத் தளத்திலும் ஓடாது.

கேள்வி (பாபநாசம்): பைத்தான் மொழியில் ஆப்ஷன்களைப் படிக்கும் ஆர்க்பார்ஸ் நூலகத்துக்கும் இவ்வளவு தொல்லையா?

பதில்: இல்லை, எல்லாத் தளத்திலும் ஒரே முறையில் நடக்கும். நீள ஆப்ஷன்களைச் சுருக்கி எழுதுவதை மட்டும் அலவ்_அப்ரெவ் என்ற அமைப்பைக் கொண்டு தடுத்துவிடுங்கள். நாளை புதிய ஆப்ஷன் ஒன்றைச் சேர்த்தால் பழைய சுருக்கம் குழம்பிவிடும்.

கேள்வி (மயிலாடுதுறை): கோப்பின் உரையைத் திருத்தும் செட் (sed) கட்டளையின் "-ஐ" ஆப்ஷன் மேக்கில் பிழை தருகிறது. வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: மேக்கில் அதற்கு, பழைய கோப்பின் நகலுக்கு இடும் பின்னொட்டு கட்டாயம், லினக்ஸில் உள்ள குனு செட்டில் விருப்பம். ".பாக்" என்பதை இடைவெளியின்றி ஒட்டி எழுதினால் இரண்டிலும் ஓடும்.

கேள்வி (தஞ்சாவூர்): நிரல் எழுத எந்த மடிக்கணினி வாங்கலாம்?

பதில்: கடைக்காரரைக் கேளுங்கள்.