உக்கிய யன்னல் நிலை: கழற்ற முன் குத்திப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பழைய வீடு உவர்மலையில் கடற்பக்கம் பார்த்து இருக்கிறது. கிழக்கு யன்னல் நிலையின் கீழ்ச்சட்டம் ஒரு மூலையில் உக்கிவிட்டது. போன வருடம் சீமெந்து வைத்து அடைத்து பெயின்றும் அடித்தோம். இப்போது அந்தச் சீமெந்துக்குப் பக்கத்தில் விரலே உள்ளே போகிறது. நிலையையே மாற்ற வேண்டும் என்கிறார் தச்சு வேலை செய்யும் பாஸ். வேறு வழி இல்லையா ஐயா?
வாசகி, உவர்மலை

பதில்: அவசரப்பட்டு நிலையைப் பெயர்க்க விடாதீர்கள் தங்கச்சி. பழைய வீடு என்றால் அது முதிரையாகவோ பாலையாகவோ இருக்கும். அந்த மாதிரி மரம் இன்று காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்காது.

ஒரு ஸ்குறூ ட்றைவரை எடுத்து சட்டம் நெடுகக் குத்திப் பாருங்கள். உக்கின இடத்தில் ஊறின பாண் போல இறங்கும், நல்ல மரத்தில் நுனி நின்றுவிடும். பக்கத்துக் கால்களின் அடியையும் மறக்காமல் குத்துங்கள். கால்களும் ஒரு சாணுக்கு மேல் போயிருந்தால் பாஸ் சொல்வது சரி. மண் கோடு கண்டால் கறையான். முதலில் அதற்கு வழி பார்க்க வேண்டும்.

சீமெந்தை முழுதாகத் தட்டி எடுங்கள். மரம் மாரியில் ஊதும், வெயிலில் சுருங்கும். சீமெந்து அதோடு சேர்ந்து அசையாது. இடையில் மயிரிழை வெடிப்பு விழும், வாடை மழை அதற்குள் இறங்கும், வெளியேற வழியில்லாமல் நிற்கும். மேலே பெயின்ற் பளபளக்க, உள்ளே உக்கிக்கொண்டே போகும்.

மூலை மட்டும்தான் என்றால், உக்கலைத் தாண்டி நல்ல மரம் வரும்வரை சரிவாக வெட்டி, அதே அளவில் காய்ந்த முதிரைத் துண்டொன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். தண்ணீர் தாங்கும் பசையும், பித்தளை அல்லது ஸ்ரெயின்லெஸ் ஸ்குறூவும் வேண்டும். இரும்பாணி நம் உப்புக் காற்றில் துருவேறி மரத்தையே பிளந்துவிடும். பொருத்துமுன் துண்டின் பசை படாத வெட்டுமுகங்களுக்கு பிறைமர் அடியுங்கள், மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாயால்தான். பாஸ்மார் அவசரத்தில் விடுகிற வேலை இது, பக்கத்தில் நின்று செய்வியுங்கள். விரல் நுனியளவு குழிகளுக்கு எப்பொக்சி பட்டி போதும். கழிவு ஒயில் பூசச் சொல்லி யாராவது வருவார்கள். பூசினால் பெயின்ற் பிடிக்காது.

இவ்வளவும் செய்து தண்ணீர் நிற்கிற இடத்தை விட்டுவிட்டால், அடுத்த மாரிக்கே பழைய கதைதான். சட்டத்தின் மேல் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே ஓடாமல் நின்றால் இழைப்புளியால் வெளிப்பக்கம் சரிவு எடுக்க வேண்டும். அடியில், வெளி விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, நெடுக ஒரு சின்னக் காடி வெட்டினால் தண்ணீர் சுவருக்குத் திரும்பாமல் அங்கேயே சொட்டிவிடும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி, ஆவணியில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும், அப்போது செய்யுங்கள். ஐப்பசி மழைக்குள் பெயின்றும் முடிய வேண்டும்.

கேள்வி: யன்னலுக்குக் கீழே கொங்கிறீற் திண்டு வெடித்துக் கம்பி தெரிகிறது. மேலால் பூசினால் போதுமா?
வாசகர், நிலாவெளி

பதில்: போதாது தம்பி. கம்பி துருப்பிடித்து ஊதியதால்தான் கொங்கிறீற் வெடித்தது. கம்பியைச் சுற்றித் தளர்ந்ததை எல்லாம் தட்டி, கம்பிப் பிறசால் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பெயின்ற் பூசிய பிறகுதான் சீமெந்துக் கலவை. கம்பி பாதியாய் மெலிந்திருந்தால் புதுத் திண்டு வார்ப்பதே நல்லது. கடற்கரை மண் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது என்று அள்ளிக் கலக்க வேண்டாம். அதிலுள்ள உப்பு கம்பியை மறுபடி தின்னும். ஆற்று மண் எடுங்கள்.