மூன்றாவது முறை மருந்து அடிக்கும் முன் தூரைப் பாருங்கள்

சிலாங்கூரின் தஞ்சோங் காராங் வட்டாரத்தில் மூன்று ஏக்கர் லாட் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நேரடி விதைப்பு, பயிருக்கு இப்போது 70 நாள். 28ஆம் நாள் இலைகளில் வெள்ளைக் கோடுகள் தெரிந்ததால் ட்ரோன்காரரை வைத்து மருந்து அடித்தாராம். 50ஆம் நாள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு முறை. போன வாரம் வயலின் நடுவே ஒரு பாய் அகலத்துக்குப் பயிர் மஞ்சளித்துக் காய்ந்தது. இப்போது அந்த வட்டம் ஒரு வீட்டளவுக்குப் பரவிவிட்டது. கடைக்காரர் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார். "மூன்றாவது முறை அடிக்கலாமா? இந்த வருஷ வெயில்தான் காரணமா? அடுத்த பருவத்துக்கு விதையை மாற்றினால் தப்பிக்கலாமா?" என்று கேட்கிறார்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் புகையானைத்தான், அதாவது நெல் தண்டில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சியைத்தான், காட்டுகின்றன. உங்கள் விவசாய இலாகா அதிகாரியிடம் பேசும்போது 'பெனா பேராங்' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார். ஆனால் என் பேச்சை நம்பி எதையும் செய்யாதீர்கள், முதலில் வயலில் இறங்கிப் பாருங்கள். காய்ந்த இடத்தின் நடுவே போய்ப் பயனில்லை. அங்கே சாறு தீர்ந்துவிட்டது, பூச்சியும் நகர்ந்திருக்கும். வட்டத்தின் ஓரத்தில், இன்னும் பச்சையாக நிற்கும் பயிரைப் பிடித்து விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். அரிசியளவுகூட இல்லாத பழுப்புப் பூச்சிகள் தண்டோடு ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கும். கை பட்டால் பறக்காமல் தண்டின் மறுபக்கத்துக்குப் பக்கவாட்டில் நகரும். தூரைத் தட்டினால் தண்ணீரில் விழுந்து மிதக்கும். கூடவே வெள்ளை வெள்ளையாகத் தவிடு போல மிதப்பது அவை உரித்த தோல். அடித்தண்டு பிசுபிசுப்பாகக் கரி பூசியது போல இருந்தால் சந்தேகமே வேண்டாம். இவை எதுவும் இல்லாமல் இலை நுனியிலிருந்து ஓரமாக மட்டும் காய்ந்து வந்தால் அது பாக்டீரியா இலைக் கருகலாக இருக்கலாம். அதற்குப் பூச்சிமருந்து தண்டச் செலவு.

சரி, இரண்டு முறை அடித்தும் ஏன் வந்தது? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். புகையான் உங்கள் வயலில் பிறந்து வருவதில்லை. நீண்ட இறக்கை உள்ள பூச்சிகள் காற்றோடு வந்து இளம்பயிரில் இறங்குகின்றன. பெரும்பாலும் விதைத்த முதல் மாதத்துக்குள் வந்துவிடும். பெண் பூச்சி இலையுறையைக் கீறி அதற்குள்ளே முட்டைகளைச் செருகுகிறது. ஒன்றே 200 முட்டைக்கு மேலும் வைக்கும். பொரிக்க 7 முதல் 9 நாள், குஞ்சு வளர்ந்து முழுப்பூச்சியாக ஏறக்குறைய இரண்டு வாரம். ஆக சுமார் 25 நாளுக்கு ஒரு தலைமுறை.

இதன்மேல் உங்கள் தேதிகளை வையுங்கள். 28ஆம் நாள் நீங்கள் அடித்தது இலைச்சுருட்டுப்புழுவுக்கு. அந்த நேரம் புகையான் முட்டையாக உறைக்குள் பத்திரமாக இருந்தது. பெரும்பாலான மருந்துகள் அதைத் தொடாது. தொட்டது யாரை என்றால், அந்த முட்டைகளைத் தேடிக் குத்திக் குடிக்கும் பச்சை மிரிட் பூச்சியை. தண்ணீர் மட்டத்தில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தியை. அந்தச் சிலந்தி ஒன்று நாளுக்கு 5 முதல் 15 இரை வரை பிடிக்கக்கூடியது. முட்டைக்குள் முட்டை வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குளவிகளும் சேர்ந்தே போயின. ஒரு வாரம் கழித்துப் பொரித்த குஞ்சுகளுக்குக் காவலே இல்லாத வயல் கிடைத்தது. 50ஆம் நாள் அவை பெரிதாகி முட்டை வைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி ட்ரோன் வந்தது. அதற்குள் பயிர் மூடிவிட்டதால் சன்னமான தூவல் மேலிலையிலேயே தங்கிவிட்டது, தூருக்கு இறங்கவில்லை. கொஞ்ச நஞ்சம் திரும்பி வந்திருந்த சிலந்திகளும் செத்தன. மூன்றாம் தலைமுறைதான் இப்போது உங்கள் வயலைக் காய வைக்கிறது.

முதல் மருந்து தேவையே இல்லாதது. இலைச்சுருட்டுப்புழு செய்யும் வெள்ளைக்கோடு பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்த வயதில் நெல் புதுத்தூரும் புது இலையும் விட்டு அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டிவிடும். வியட்நாமின் மேகாங் டெல்டாவில் விவசாயிகளிடம் கொண்டுபோன முக்கியமான செய்தியே முதல் 40 நாள் பூச்சிமருந்து வேண்டாம் என்பதுதான். அதைச் செய்து பார்த்தவர்களுக்கு விளைச்சல் குறையவில்லை. பின்னால் விதை, உரம், மருந்து மூன்றையும் குறைக்கும் 'மூன்று குறைப்பு, மூன்று லாபம்' என்ற இயக்கமாக அது வளர்ந்தது.

இதை இந்தோனேசியா நாட்டளவில் அனுபவித்திருக்கிறது. 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டோம் என்று பெருமைப்பட்ட நாடு, அடுத்த இரண்டு வருஷத்துக்குள் மத்திய ஜாவாவில் புகையானிடம் மாட்டிக்கொண்டது. அப்போது மருந்தின் விலையில் 85 சதவீதம் வரை அரசே மானியமாகக் கொடுத்தது. அந்த விலைக்கு யார்தான் அடிக்காமல் இருப்பார்? 1986 நவம்பரில் சுகார்த்தோ ஓர் அதிபர் ஆணையில் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். 1989 தொடக்கத்துக்குள் மானியமும் முழுதாகப் போனது. அரிசி விளைச்சல் விழவில்லை. அப்புறம் கண்காணிப்பு தளர்ந்து மலிவு மருந்துகள் பெருகியதும் 2010, 2011இல் ஜாவாவில் புகையான் திரும்ப வந்தது. தாய்லாந்தின் நடுச்சமவெளியிலும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே கதைதான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. மூன்றாவது முறை அடிப்பதா வேண்டாமா என்பதை எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வயலில் மூலைக்கு மூலை குறுக்காக நடந்து பத்து இடத்தில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் பத்துத் தண்டைத் தட்டி எண்ணுங்கள். தண்டுக்கு ஒரு பூச்சி என்பது பொதுவான எல்லை. சிலந்திகள் நன்றாகத் தென்பட்டால் தண்டுக்கு இரண்டு வரை பொறுக்கலாம். எண்ணும்போது இறக்கையையும் கவனியுங்கள். குட்டை இறக்கையோடு வயிறு பருத்த பெண்கள் அதிகம் இருந்தால் அவை அங்கேயே தங்கி இன்னும் பெருகப் போகின்றன. நீண்ட இறக்கைப் பூச்சிகளே பெரும்பாலும் என்றால் கூட்டம் கிளம்பத் தயாராகிவிட்டது, அதன்மேல் மருந்து அடிப்பது போகிற விருந்தாளியைக் கதவைச் சாத்தி விரட்டுவது போலத்தான்.

எண்ணிக்கை எல்லையைத் தாண்டியிருந்தால் அடியுங்கள், ஆனால் இப்படி: முதலில் மடையைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். இரண்டு மூன்று நாள் தூர் காற்றோட்டமாக இருப்பதே புகையானுக்குப் பிடிக்காது. ஆனால் உங்கள் பயிர் தண்டுக்குள் கதிர் உருவாகும் சூல் பருவத்தில் இருப்பதால் மண் வெடிக்க விட்டுவிடக் கூடாது, ஈரம் போகும் முன் திரும்பப் பாய்ச்சுங்கள். ட்ரோன் வேண்டாம். முதுகில் மாட்டும் தெளிப்பானோடு ஆள் இறங்கி, நுனியைத் தூர்ப்பக்கம் சாய்த்து, காய்ந்த வட்டத்தைச் சுற்றி எண்ணிக்கை அதிகமுள்ள பச்சை வளையத்தில் மட்டும் அடிக்க வேண்டும். கஷ்டமான வேலைதான், கூலியும் கூடும். ஆனால் மூன்று ஏக்கருக்கு வாங்கும் மருந்து மிச்சமாகும்.

எந்த மருந்து? டப்பாவைத் திருப்பி உட்பொருளைப் படியுங்கள். பெயர் 'த்ரின்' என்று முடிந்தால் (சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின்) தொடவே வேண்டாம். புகையானை ஊதிப் பெருக்குவதில் இந்த வகைக்கு நிகர் இல்லை. இமிடாகுளோபிரிட்டும் நம்ப முடியாது. 2000களின் நடுவிலிருந்தே ஆசியாவின் பல நாடுகளில் புகையான் அதற்குப் பழகிவிட்டது. பைமெட்ரோசின் பூச்சி சாறு குடிப்பதை நிறுத்தும், பியூப்ரோஃபெசின் குஞ்சுகள் தோலுரிக்க விடாமல் தடுக்கும். இவை சிலந்திகளை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் இரண்டும் மெதுவாக வேலை செய்பவை. மறுநாள் போய்ப் பூச்சி உயிரோடிருக்கிறதே என்று இன்னொன்றை அடித்துவிடாதீர்கள். இவற்றில் உங்கள் பகுதியில் இப்போது எது நெல்லுக்குப் பதிவாகி விற்பனையில் இருக்கிறது, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை இலாகாவில் கேட்டு, லேபிளில் உள்ள அளவை மட்டும் பயன்படுத்துங்கள். கடைக்காரர் சொல்லும் கலவை கூடவே கூடாது. யூரியா மூட்டை மீதம் இருந்தால் அதையும் கட்டி வையுங்கள். தழைச்சத்து கூடிய பயிரில் புகையானுக்கு முட்டையும் கூடும், பிழைக்கும் குஞ்சும் கூடும்.

வெயிலைப் பற்றிய கேள்விக்கு இப்போது பலரும் 'ஆமாம், எல்லாம் பருவநிலை மாற்றம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு நேராக இல்லை. பூச்சிகளால் நெல், கோதுமை, மக்காச்சோளத்துக்கு வரும் இழப்பு ஒவ்வொரு டிகிரி வெப்ப உயர்வுக்கும் 10 முதல் 25 சதவீதம் கூடும் என்று 2018இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் அதில் பெரிய அடி மிதவெப்ப நாடுகளுக்கு. நம் பக்கத்தில் புகையான் ஏற்கெனவே தனக்குப் பிடித்த 25 முதல் 30 டிகிரிக்குள் வாழ்கிறது. 35ஐத் தொட்டால் குஞ்சுகளே திணறும். வெயிலால் நேரடியாகத் திணறுவது பயிர்தான். பூக்கும் நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் 35 டிகிரி தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். இரவுச் சூடும் சேதம்தான். பிலிப்பைன்ஸின் லாஸ் பானியோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையில் 1979 முதல் 2003 வரையான வெப்பநிலைப் பதிவுகளையும் 1992 முதல் 2003 வரையான விளைச்சல் பதிவுகளையும் பார்த்தபோது, கோடைப்போகத்தில் இரவுக் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது தெரிந்தது.

புகையானுக்கு இந்தக் காலநிலை செய்யும் உதவி வேறு வழியில் வருகிறது. மழை தள்ளிப்போகிறது, வாய்க்காலில் தண்ணீர் முறை மாறுகிறது, ஒருவர் விதைக்கும்போது பக்கத்து லாட்டில் கதிர் நிற்கிறது. முன்பு ஊரே ஒன்றாக விதைத்து ஒன்றாக அறுத்தபோது பூச்சிக்கு நடுவில் பட்டினிக் காலம் இருந்தது. இப்போது வருஷம் முழுக்க எங்கேயாவது பச்சை இருக்கிறது. என் கணிப்பில் உங்கள் வட்டாரத்தில் கவனிக்க வேண்டியது வெப்பமானியைவிட விதைப்புத் தேதியைத்தான். மேகாங் டெல்டாவில் 2005, 2006இல் புகையானும் அது பரப்பும், பயிரைக் குட்டையாக்கும் வைரஸ் நோய்களும் சேர்ந்து அடித்து, வியட்நாம் அரிசி ஏற்றுமதியையே நிறுத்தி வைக்கும் நிலை வந்தது. அதற்குப் பிறகு அங்கே விளக்குப் பொறி வைத்து, பூச்சி குவிந்து விழும் நாட்கள் முடிந்ததும் வட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் விதைக்கும் ஏற்பாடு வந்தது.

ஆகவே அடுத்த பருவத்துக்கு உங்கள் வாய்க்கால்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எல்லோரும் இரண்டு வாரத்துக்குள் விதைத்து முடித்தாலே பாதி வேலை ஆனது. அறுத்தவுடன் தாளை உழுது மடக்குங்கள், மறுதாம்பு துளிர்க்க விட்டால் பூச்சியும் நோயும் அதிலேயே காத்திருக்கும். விதையளவைக் குறையுங்கள், நெருக்கமான பயிரின் அடியில் புழுக்கம் அதிகம். வரப்பில் எள் மாதிரிப் பூச்செடிகள் இருந்தால் குளவிகள் தங்கும். தாய்லாந்து, சீனா, வியட்நாமில் பல வருஷம் இப்படிச் செய்து பார்த்ததில் மருந்தடிப்பு 70 சதவீதம் குறைந்து விளைச்சல் 5 சதவீதம் கூடியது. வரப்பில் களைக்கொல்லி அடித்துச் சுத்தமாக வைப்பது அழகாகத் தெரியலாம், சிலந்திக்கு அது வீடிழப்பு.

விதை மாற்றலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.26 ரகம் 1973இல் வந்தது. மூன்று நான்கு வருஷத்துக்குள் பல இடங்களில் பூச்சி அதையும் சாப்பிடப் பழகிவிட்டது. அடுத்து வந்த ரகங்களுக்கும் ஆயுசு நிரந்தரமாக இருக்கவில்லை. எதிர்ப்புள்ள ரகம் கிடைத்தால் போடுங்கள், பக்கத்து லாட்காரரும் அதையே போட வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள், எங்கும் ஒரே ரகம் என்றால் பூச்சி அதற்கும் சீக்கிரம் பழகிவிடும். அதிலும் முதல் 40 நாள் கணக்கு அப்படியேதான். மருந்தடிக்கும் ஆளிடம் பருவம் முழுவதுக்கும் சேர்த்து ஒப்பந்தம் போடும் பழக்கம் இருந்தால், இந்த முறை எண்ணிப் பார்த்த பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.