லுவார் ஆற்றங்கரையில் சைக்கிள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரான்ஸின் நடுப்பகுதியில், லுவார் ஆற்றின் கரையிலுள்ள தூர் நகரில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். இந்தப் பக்கத்துச் சின்னச் சாலைகளில் சைக்கிளில் போய்ப் பழைய மாளிகைகளையும் மடங்களையும் பார்ப்பது பற்றிக் கேள்வி கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

பிரான்ஸில் எத்தனையோ இடங்கள் இருக்க, ஏன் எல்லாரும் லுவாரையே சொல்கிறார்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

முதல் காரணம், சமதளம். நெவேர் ஊருக்குப் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கடல்வரை சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை குறித்து வைத்திருக்கிறார்கள். ஆற்றை ஒட்டியே போவதால் மலையேற்றம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

இரண்டாவது, வரலாறு. 1418இல், உள்நாட்டுப் போரின்போது, பர்கண்டிக் கோமகனின் தரப்பு பாரிஸைப் பிடித்தது. பட்டத்து இளவரசர் சார்ல் தெற்கே தப்பி வந்தார். அதன்பிறகு நூறு வருடங்களுக்குமேல் பிரெஞ்சு அரசவை பெரும்பாலும் இந்த ஆற்றோரத்தில்தான் குடியிருந்தது. வேட்டைக்குக் காடு, சரக்குக்கு ஆறு, கட்டுவதற்குக் கரையிலேயே கல். வேறென்ன வேண்டும்? அந்தக் கல்லின் பெயர் துஃபோ. மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல். பழைய சுவரில் விரலை வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். உளிக்கு எளிதில் வழிவிடும் கல் என்பதால்தான் சாளரம், கூரை, புகைபோக்கி எல்லாவற்றிலும் அவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடு. கல் வெட்டியெடுத்த குகைகளில் பின்னால் மனிதர்கள் குடியேறினார்கள், காளான் வளர்த்தார்கள், மதுவை வைத்தார்கள். சோமூருக்குப் பக்கத்தில் சூசே என்ற ஊரில் சைக்கிள் பாதையே ஒரு நிலத்தடித் தெருவுக்குள் நுழைந்து வெளியே வரும். வெயில் நாளில் உள்ளே நுழைந்ததும் உடம்பு சட்டென்று குளிரும்; கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

எட்டு நாள் விடுப்பு இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்? (சென்னை)

பெரும்பாலோர் ஆற்றோட்டத்தோடு மேற்கே போவார்கள். நான் எதிர்த்திசையைத்தான் சொல்வேன். இங்கே காற்று அதிகமும் மேற்கிலிருந்து வீசும். சோமூரில் தொடங்கிக் கிழக்கே போனால் அது முதுகைத் தள்ளும்.

சோமூரிலிருந்து முதல் நாள் கான்ட் சான்மார்த்தான்வரை ஆற்றங்கரையிலேயே போங்கள். அங்கே வியென் ஆறு லுவாரில் கலக்கிறது. தூர் நகரின் ஆயராக இருந்த புனித மார்த்தான் 397இல் இறந்த ஊர் இது. அவருடைய உடலைத் தூர் ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகச் சன்னல் வழியே எடுத்துப் படகில் கொண்டுபோய்விட்டார்கள் என்பது பழங்கதை. கோயிலுக்குப் பின்னால் மேட்டில் ஏறினால் இரண்டு ஆறும் சேருமிடம் முழுதாகத் தெரியும். அங்கிருந்து ஃபோந்தெவ்ரோ மடம் சில கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம். அன்றிரவு அங்கேயே தங்குங்கள்.

ஃபோந்தெவ்ரோவுக்கு நேரம் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 1101இல் தொடங்கிய மடம். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் இருந்த இடத்தில் அதிகாரம் தலைவியிடம் இருந்தது. பெரிய கோயிலுக்குள் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி, அவர் மனைவி எலினோர், மகன் ரிச்சர்ட் ஆகியோரின் படுத்த நிலைச் சிற்பங்கள் இருக்கின்றன. எலினோரின் கையில் திறந்த புத்தகம். மற்றவர்கள் கண்மூடிக் கிடக்க, அந்த அம்மா மட்டும் எண்ணூறு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். இதே மடம் நெப்போலியன் காலத்தில் சிறையாக மாறி 1963வரை சிறையாகவே இருந்தது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு சுற்றுங்கள்.

அடுத்து ஷினோன், ஜோன் ஆஃப் ஆர்க் 1429இல் முன்பு சொன்ன அதே சார்லைச் சந்தித்த கோட்டை. அப்புறம் உசே வழியாக அசே லெ ரிதோ, வில்லாந்திரி, தூர், அம்புவாஸ். அம்புவாஸிலிருந்து காட்டைக் கடந்து ஷெனோன்சோ போய்த் திரும்ப ஒரு நாள். பிறகு ஷோமோன் வழியாகப் புளுவா. கடைசி நாள் ஷாம்போர். ஒரு நாளுக்குச் சுமார் 20 முதல் 40 கிலோமீட்டர்தான் வரும். குறைவு என்று தோன்றினாலும் கூட்டாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு மாளிகை. இரண்டாவது மாளிகைக்குள் நுழையும்போது கண் எதையும் வாங்காது.

வாகனம் குறைந்த சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுள் காட்டும் பாதையை நம்பலாமா? (பெங்களூரு)

தாள் வரைபடம் ஒன்று வாங்கிவிடுங்கள். மிஷலின் உள்ளூர் வரைபடத்தில் சிவப்புச் சாலை லாரிகளுக்கு, மஞ்சள் சுமார், வெள்ளைதான் நமக்கு. ஓரத்தில் பச்சைக்கோடு போட்டிருந்தால் அது காட்சி நன்றாக இருக்கும் சாலை. வெள்ளையும் பச்சையும் சேர்ந்து வந்தால் யோசிக்காமல் திரும்புங்கள்.

ஆற்றின் வடகரையில் புளுவாவுக்கும் தூருக்கும் இடையே அணைக்கரைமேல் ஓடும் டி 952 சாலையைத் தவிருங்கள். வரைபடத்தில் ஆற்றை ஒட்டி அழகாகத் தெரியும். வண்டிகள் சீறிக்கொண்டு போகும். இந்த அணைக்கரைகள் வெள்ளத்துக்காகக் கட்டியவை. 1846, 1856, 1866 என்று மூன்று பெருவெள்ளங்கள் வந்தன. பழைய வீட்டுச் சுவர்களில் தண்ணீர் ஏறிய மட்டத்தைக் கோடு வெட்டி வருடம் பொறித்திருப்பார்கள். சில இடங்களில் அந்தக் கோடு உங்கள் தலைக்குமேல் இருக்கும். குறித்த சைக்கிள் பாதையில் போனால்தான் இதெல்லாம் கண்ணில் படும், ஏனென்றால் அது ஊருக்குள் புகுந்து புகுந்து போகிறது.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் நாங்கள். அங்கே வலப்பக்கமாமே, சிரமமாக இருக்குமா? (மதுரை)

நகரத்தில் சிரமம் இல்லை. மற்ற வண்டிகளைப் பார்த்து நாமும் சரியாகப் போய்விடுவோம். ஆபத்து, யாருமே இல்லாத கிராமச் சாலையில்தான். தண்ணீர் குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி ஏறும்போது கை தானாக இடப்பக்கம் போகும். எதிரே வண்டி வந்தால்தான் உறைக்கும். சைக்கிளைச் சாலையின் வலப்பக்கத்திலேயே சாய்த்து நிறுத்துவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைத் தெரியாமல் வராதீர்கள்: வேறு பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து வரும் பழைய வண்டிக்காரர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வருவார். சட்டப்படி அவர் செய்வது சரி.

மற்ற விதிகள்: 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம், பெரியவர்களுக்கு இல்லை, நான் போடுகிறேன், நீங்களும் போடுங்கள். காதில் இயர்போன் கூடாது. 135 யூரோ அபராதம். மணி, முன்விளக்கு, பின்விளக்கு வேண்டும். ஊருக்கு வெளியே இருட்டிலோ பனிமூட்டத்திலோ ஒளிரும் மேலங்கி கட்டாயம். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று சட்டம். பெரும்பாலும் விடுகிறார்கள்.

சைவம். என்ன சாப்பிடுவது? (மூன்று நான்கு பேர் கேட்டிருந்தீர்கள்)

சமாளிக்கலாம், ஆனால் கவனம் வேண்டும். கிராமத்து உணவகத்தில் "சாலட்" என்றால் அதில் பன்றியிறைச்சித் துண்டு தூவியிருக்கும் வாய்ப்பு அதிகம். சொல்லிவிடுங்கள்: "சான் வியாந்த், சான் புவாஸோன்", இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். சோமூர் பக்கத்துக் குகை உணவகங்களில் ஃபுவே என்று உப்பிய சின்ன ரொட்டி அடுப்பிலிருந்து சுடச்சுட வரும். உள்ளே வெள்ளை மொச்சை வைத்துத் தருவார்கள். பூண்டு வெண்ணெய் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். மொச்சையை இறைச்சியோடு வேகவைத்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரியெத் என்று ஒன்று கூடவே வரும், அது பன்றியிறைச்சி.

இந்த ஊர் ஆட்டுப்பால் சீஸ் பேர்போனது. சான்த்-மோர் நீளமாக, நடுவில் ஒரு வைக்கோல் குச்சியோடு இருக்கும். செல் சுர் ஷேர் சாம்பல் பூசியது. ஆனால் கண்டிப்பான சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பாரம்பரிய சீஸ்களுக்குப் பாலை உறைய வைப்பது பெரும்பாலும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். சரியா தவறா என்பது உங்கள் முடிவு.

மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணிக்குள். அதற்குமேல் போனால் சமையலறை மூடியிருக்கும். திங்கட்கிழமை பல பேக்கரிகள் திறக்காது. ஞாயிறே ரொட்டி, பழம் வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள்.

நாய் துரத்துமா? (திருநெல்வேலி)

தெருநாய் என்பதே இங்கு இல்லை. பண்ணை நாய்கள் வேலிக்குள் நின்று குரைக்கும், அவ்வளவுதான்.

தனியாக வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பா? தண்ணீர், கழிப்பறை வசதி? (திருச்சி)

தங்கச்சி, நான் தனியாகத்தான் அதிகம் போகிறேன். பாதையில் சைக்கிள்காரர்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள், "போன்ஜூர்" சொல்லாமல் யாரும் தாண்டமாட்டார்கள். காட்டுப்பகுதியில் மட்டும் இலையுதிர் காலத்தில் வேட்டைப் பலகை வைத்திருந்தால் அந்தத் தடத்தில் போகாதே, சுற்றிப் போ. தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போ. பூச்செடிக்கு ஊற்றக் குழாய் இருக்கும். குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் பலகை எழுதியிருப்பார்கள், பார்த்துக்கொள். கழிப்பறை ஊர்மன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அல்லது கஃபேயில் ஒரு காபி வாங்கிவிட்டுக் கேட்கலாம்.

ஷாம்போர் கூட்டமாக இருக்குமாமே, விட்டுவிடலாமா? (சிங்கப்பூர்)

விடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். 1519இல் அரசர் முதலாம் பிரான்சுவா தொடங்கிய கட்டடம். சுற்றி 32 கிலோமீட்டர் நீளச் சுவர், உள்ளே காடு. பேருந்துக் கூட்டம் மாளிகைக்கு முன்னால்தான் நிற்கும். சைக்கிளில் வருபவர் அந்தச் சுவரின் வாசல் ஒன்றில் நுழைந்து மரங்களுக்கு நடுவே கிலோமீட்டர் கணக்கில் ஓட்டி, கடைசியில் அந்தக் கூரையின் கோபுரக் காட்டைப் பார்க்கிறார். அந்த வருகை காரில் வருபவருக்குக் கிடைக்காது. காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய் இரட்டைச் சுழல் படிக்கட்டில் ஏறுங்கள். ஒருவர் ஏற, இன்னொருவர் இறங்க, நடுச்சுவரின் திறப்புகள் வழியே ஒருவரையொருவர் பார்க்கலாம், எதிர்ப்படவே மாட்டார்கள்.

ஷெனோன்சோ இன்னும் நெருக்கடி. ஆனால் ஷேர் ஆற்றின்மேல் பாலமாக நிற்கும் அந்த நீண்ட கூடத்துக்காகப் போகத்தான் வேண்டும். முதல் உலகப்போரில் அது காயப்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவமனை. இரண்டாவதில் ஷேர் ஆறே எல்லைக்கோடு. முன்வாசல் ஜெர்மானியர் பிடித்த பகுதியில், கூடத்தின் தென்கதவு அவர்கள் பிடிக்காத மறுபக்கத்தில். அந்தக் கதவு வழியே தப்பியவர்கள் உண்டு. போகிறவர்கள் அரசி கேத்தரின் த மெதிசியின் அறையில் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் அந்தத் தென்கதவுவரை நடங்கள்.

அப்பா, அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கூட்டி வரலாமா? (சேலம்)

மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் தானே நின்றுவிடும், பயமில்லை. ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விடவும், பையை அடுத்த விடுதிக்கு அனுப்பவும் ஏற்பாடு கிடைக்கும்.

எந்த மாதம்?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலையில் வெயில் சுடும், விடுதியும் கிடைக்காது.

அக்கா, நாங்கள் பாரிஸில இருக்கிறம். சயிக்கிளை ரயிலில ஏத்த விடுவினமோ? ஒரே ஒரு நாள்தான் இருக்குது. (பாரிஸ் புறநகர்)

விடுவார்கள். ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ஒர்லியான், புளுவா வழியாகத் தூர் வரும் வட்டார ரயில்களில் சைக்கிள் மாட்டும் இடம் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். கோடையில் இடம் முன்பதிவு செய்ய வேண்டிய வண்டிகள் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு நாள் என்றால் தூரில் இறங்கி ஷேர் ஆற்றங்கரையோடு வில்லாந்திரி போங்கள். சுமார் 20 கிலோமீட்டர், பெரும்பகுதி கார் வராத பாதை. 1906இல் அந்த மாளிகையை வாங்கிய ஸ்பானிய மருத்துவர் ஹோவாக்கின் கார்வாலோ, ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பழைய பாணித் தோட்டத்தை மறுபடி உண்டாக்கினார். கத்தரி, முட்டைக்கோஸ், கீரை எல்லாம் கோலம் போட்டதுபோல் கட்டம் கட்டமாக நிற்கும். மேல்தளத்திலிருந்து முதலில் பாருங்கள், பிறகு கீழே இறங்குங்கள். மதியத்துக்குமேல் ஒரு மேடு ஏறி அசே லெ ரிதோ. மாளிகை ஆந்த்ர் ஆற்றில் தீவில் நிற்கிறது. சாயங்கால வெளிச்சத்தில் வெளியிலிருந்து பார்த்தாலே போதும். அங்கிருந்து தூருக்கு ரயில் இருக்கிறது. நிலையம் ஊருக்கு வெளியே தள்ளி இருப்பதால் அரைமணி முன்னதாகக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு, காலையிலேயே நேரம் பார்த்துக்கொண்டு வாருங்கள்.