அரை ஆரஞ்சா, சரிபாதியா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் கோப்பை, சாவிக்கொத்து, மோதிரத்தில் எழுத்துப் பொறித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் மனைவிக்குப் பரிசளிக்க 'தே கியெரோ, மி மேதியா நரான்ஹா' என்ற ஸ்பானிஷ் வரியும் அதன் கீழே ஆங்கிலமும் கேட்கிறார். அகராதியில் சொல் சொல்லாகப் பார்த்தால் 'ஐ வாண்ட் யூ, மை ஹாஃப் ஆரஞ்ச்' என்று வருகிறது. அப்படியே பொறிக்கலாமா?

பதில்: வேண்டாம், கோப்பை வீணாகிவிடும். 'கியெரோ'வுக்கு மூலம் 'கெரேர்' என்ற வினை. பின்னால் காப்பி வந்தால் 'வேண்டும்', ஆள் வந்தால் 'நேசிக்கிறேன்'. நாமும் நெருக்கமானவரை 'வேண்டப்பட்டவர்' என்கிறோமே, அதே போக்குதான். இங்கே 'ஐ வாண்ட் யூ' போட்டால் காம வாடை அடிக்கும். 'ஐ லவ் யூ' போதும். ஸ்பானிஷில் அன்பைச் சொல்லும் இன்னொரு தொடரான 'தே ஆமோ'வுக்கும் ஆங்கிலத்தில் அதேதான். ஆனால் ஸ்பெயினில் அது கனமான சொல். தாயும் பிள்ளையும், கணவனும் மனைவியும் அன்றாடம் சொல்லிக்கொள்வது 'தே கியெரோ'. லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் காதலர்கள் 'தே ஆமோ'வைத் தாராளமாகப் புழங்குவார்கள்.

'மேதியா நரான்ஹா' சொல்லுக்குச் சொல் அரை ஆரஞ்சு. பொருள் வாழ்க்கைத்துணை, நம் 'சரிபாதி'. நம்மூரில் அம்மா ஒற்றைப் பிள்ளையை 'மக்களே' என்று கொஞ்சுவதை 'சில்ட்ரன்' என்று பெயர்த்தால் எப்படியோ, அப்படித்தான் 'ஹாஃப் ஆரஞ்ச்'. 'பெட்டர் ஹாஃப்' என்பதில் லேசான கேலி உண்டு. பரிசுக்கு 'மை சோல்மேட்' பொருந்தும். ஆரஞ்சை விட மனமில்லையென்றால் ஓரத்தில் பாதிப் பழத்தின் படம் வரைந்துவிடுங்கள். அந்தப் பழம் நமக்கு அந்நியமும் இல்லை: 'நரான்ஹா' அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போய், திராவிட வேரில் முடிகிறது என்பதே பெரும்பாலோர் கருத்து. உங்கள் பக்கத்து நாரங்காவும் அதன் உறவுதான்.

பொறிக்கும்போது கவனிக்க வேண்டியது: இந்த வரியில் எந்த எழுத்தின் தலையிலும் சாய்கோடு கிடையாது. அழகுக்காக 'தே'யில் ஒன்று போட்டால் அது தேயிலை ஆகிவிடும்! 'மி'யில் போட்டால் 'என்' என்பது 'என்னை' ஆகும். பரிசு ஆணுக்கென்றாலும் 'மேதியா'வை 'மேதியோ' ஆக்கக் கூடாது. அது ஸ்பானிஷில் பெண்பால் சொல்லான ஆரஞ்சைப் பின்பற்றும், ஆள் ஆணா பெண்ணா என்பதை அல்ல. நடுவில் உள்ள காற்புள்ளியையும் விட்டுவிடாதீர்கள், அது விளியைப் பிரித்துக் காட்டுவது.

கேள்வி: 'தே எச்சோ தே மேனோஸ்' என்றால் 'உன்னைக் குறைவாக எறிகிறேன்' என்றா பொருள்? (குளச்சல் வாசகி)

பதில்: 'ஐ மிஸ் யூ'. 'எச்சார்' எறிதல்தான், ஆனால் இந்தத் தொடர் 'இல்லாதிருக்கக் காணுதல்' என்ற பொருளுள்ள போர்த்துக்கீசிய 'அஷார் மேனோஸ்' என்பதன் திரிபு. லத்தீன் அமெரிக்கர்கள் 'தே எஸ்த்ரான்யோ' என்பார்கள். தமிழில் எழுதுவதானால் 'உன்னைத் தேடுது'.